12 மணி நேரம் பதுங்கி இருக்கும் விஷம்

மரக்காணம் கடற்கரை சொல்லும் பாடம்

பார்த்தால் தண்ணீர். முகர்ந்தால் சாராயம். குடித்தால் விஷம்.

அதன் பெயர் மெத்தனால்.

2023-ஆம் ஆண்டு மே மாதத்தில், மரக்காணம் கடற்கரைப் பகுதியில் 14 உயிர்களைக் கொண்டு போனது இந்த மெத்தனால்தான்.

இந்த விஷம் உடம்புக்குள் போய் என்ன செய்கிறது? குடித்தவர் உடனே சாகாமல் மறுநாள் சாவது ஏன்? எத்தனையோ உறுப்புகள் இருக்க, கண் பார்வை முதலில் போவது ஏன்? காப்பாற்ற வழி உண்டா?

ஒவ்வொரு குடும்பமும் தெரிந்து கொள்ள வேண்டிய சங்கதி இது. குடிப்பழக்கம் இல்லாதவர்களும் தெரிந்து கொள்ள வேண்டும். ஏன் என்றால், ஆபத்து வரும்போது குடித்தவரைத் தூக்கிக் கொண்டு ஓட வேண்டியவர்கள் அவர்கள்தான்.

உப்பு விளையும் ஊர்

விழுப்புரம் மாவட்டத்தில், வங்கக் கடல் ஓரத்தில் இருக்கிறது மரக்காணம். சென்னையில் இருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரிக்குப் போகிறவர்கள் இந்த ஊரைப் பார்க்காமல் போக முடியாது. சாலை ஓரத்தில் பாத்தி பாத்தியாக உப்பளங்கள். அவற்றின் நடுவே வெள்ளை வெளேர் என்று உப்புக் குவியல்கள்.

உப்பு வாருவது லேசான வேலை அல்ல. வெயில் ஏற ஏறத்தான் உப்பு விளையும். ஆனால் அதே வெயிலில் மனிதனின் உடம்பு வற்றும். கீழே உப்பு நீர் காலை அரிக்கும். மேலே வெயில் மண்டையைப் பிளக்கும். வெள்ளை உப்பில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் கண்ணைக் கூச வைக்கும்.

உப்பளங்களுக்கு அருகிலேயே மீனவர் குப்பங்கள் இருக்கின்றன. கடலில் உழைக்கும் உழைப்பும் உப்பளத்து உழைப்புக்குச் சளைத்தது அல்ல.

இந்தக் குப்பங்களில் ஒன்றுதான் எக்கியார்குப்பம்.

2023-ஆம் ஆண்டு மே 13, 14 தேதிகளில் அந்தக் குப்பம் அலறியது. சாராயம் குடித்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகச் சாய்ந்தார்கள். வாந்தி, வயிற்று வலி, மயக்கம். புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கும், முண்டியம்பாக்கம் அரசு ஆஸ்பத்திரிக்கும் அவர்களைக் கொண்டு போனார்கள். டாக்டர்கள் இரவு பகலாகப் போராடினார்கள். பலர் பிழைத்தார்கள். பலர் பிழைக்கவில்லை. இறந்தவர்களில் பெண்களும் உண்டு.

அதே நாட்களில், பக்கத்தில் உள்ள செங்கல்பட்டு மாவட்டத்திலும் இதே போன்ற சாவுகள் நடந்தன.

சாராயத்தைச் சோதித்துப் பார்த்தபோது உண்மை வெளிவந்தது. அது காய்ச்சிய சாராயமே அல்ல, தொழிற்சாலைகளில் பயன்படும் மெத்தனால் என்று போலீசார் அறிவித்தார்கள். வழக்கு சி.பி.சி.ஐ.டி. போலீசாரிடம் ஒப்படைக்கப்பட்டது.

மூளையை ஏமாற்றும் மது

மெத்தனால் என்ன செய்கிறது என்று தெரிய வேண்டுமானால், சாதாரண மது என்ன செய்கிறது என்று முதலில் தெரிய வேண்டும்.

பிராந்தி, விஸ்கி, பீர், கள் எல்லாவற்றிலும் இருப்பது எத்தனால் என்ற ஒரே பொருள். அளவுதான் வேறு.

சோறு செரிக்கச் சில மணி நேரம் ஆகும். மது அப்படிக் காத்திருப்பது இல்லை. வயிற்றில் இருந்தும் சிறுகுடலில் இருந்தும் நேராக ரத்தத்தில் கலந்து விடும். சில நிமிடங்களில் மூளைக்குப் போய்ச் சேரும்.

மூளையில் கோடிக்கணக்கான நரம்பு அணுக்கள் இருக்கின்றன. அவை ஒன்றுக்கொன்று சேதி அனுப்பிக் கொண்டே இருக்கும். “செய்” என்று தூண்டும் சேதி உண்டு. “நிறுத்து” என்று அடக்கும் சேதியும் உண்டு. மது, தூண்டும் சேதியைக் குறைக்கிறது. அடக்கும் சேதியைக் கூட்டுகிறது. இதனால் மூளை மந்தம் ஆகிறது.

முதலில் மந்தம் ஆவது நெற்றிக்குப் பின்னால் உள்ள பகுதி. நல்லது கெட்டது யோசிக்கும் இடம் அதுதான். அந்தக் காவல்காரன் தூங்கியதும் நாக்கு அவிழ்கிறது. வெட்கம் போகிறது. வாயில் வராத வார்த்தை எல்லாம் வருகிறது. “குடித்தால் தைரியம் வருகிறது” என்கிறார்கள். வருவது தைரியம் அல்ல. யோசனை போய் விடுகிறது. அவ்வளவுதான்.

அடுத்தது பின் மூளை. நடையும் நிதானமும் அதன் பொறுப்பு. அது மந்தமானால் கால் தள்ளாடும்.

இன்னும் அதிகமானால், மூளையின் அடித்தண்டு மந்தமாகும். மூச்சை நடத்துவது அந்த இடம்தான். அளவு மீறிக் குடித்தவர் தூக்கத்திலேயே மூச்சு நின்று போவது இதனால்தான்.

களைப்பு தீருமா?

“உடம்பு வலிக்குக் குடிக்கிறேன்” என்று சொல்லாத குடிகாரர் குறைவு. வலி உண்மை. உழைத்தவர் உடம்பு வலிக்கத்தான் செய்யும். ஆனால் மது அந்த வலியைத் தீர்ப்பது இல்லை. “வலிக்கிறது” என்று சொல்லும் சேதியைச் சிறிது நேரம் மழுங்கச் செய்கிறது. விடிந்ததும் வலி அங்கேயே இருக்கும்.

போதாக்குறைக்கு, மது சிறுநீரைப் பெருக்கும். வெயிலில் வேர்த்து, பாதி நீரை இழந்து விட்டு வருகிற உடம்பு, மிச்ச நீரையும் இழக்கும். மறுநாள் தலைவலிக்கு அதுவும் ஒரு காரணம். குடித்து விட்டுத் தூங்கும் தூக்கமும் முழுத் தூக்கம் அல்ல. நடு இரவுக்கு மேல் அது கலைந்து கலைந்து போகும்.

நாள்பட்ட குடியில் கல்லீரல் முதலில் கொழுப்பு ஏறி வீங்கும். பிறகு சுருங்கிக் கல்லாகும். ஞாபக சக்தி குறையும். மது புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று 1988-ஆம் ஆண்டிலேயே உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் அறிவித்து விட்டது. இவ்வளவுதான் குடிக்கலாம் என்று சொல்லக் கூடிய பத்திரமான அளவு எதுவும் இல்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் சொன்னது.

இது எல்லாம் சாதாரண மதுவின் கதை. இது மெல்லக் கொல்லும். மெத்தனாலின் கதை வேறு.

ஒரே வேலைக்காரன், இரண்டு சரக்கு

மெத்தனால், எத்தனாலுக்கு உடன்பிறந்தது மாதிரி இருக்கும். நிறம் இல்லை. வாடையும் கிட்டத்தட்ட அதே வாடை. பெயிண்ட், வார்னிஷ், பிசின், பிளாஸ்டிக் ஆகியவை செய்யும் தொழில்களில் இது தேவைப்படுகிறது. மனித வயிற்றில் இதற்கு வேலையே இல்லை.

மது எதுவானாலும் கல்லீரலுக்குப் போகும். அங்கே அதை உடைத்துப் போட ஒரு வேலைக்காரன் இருக்கிறான். நொதி என்று அவனுக்குப் பெயர். எத்தனால் வந்தால் அவன் உடைக்கிறான். முடிவில் அது தண்ணீரும் கரிவாயுவும் ஆகி வெளியே போய் விடும்.

அந்த வேலைக்காரனுக்கு ஆள் அடையாளம் தெரியாது. மெத்தனால் வந்தாலும் அதே மாதிரி உடைப்பான். அங்கேதான் விபரீதம்.

மெத்தனாலை உடைத்தால் முதலில் வருவது பார்மால்டிஹைடு. பிணம் கெடாமல் இருக்க ஊற்றுகிறார்களே பார்மலின், அதில் இருக்கும் பொருள் இதுதான். அடுத்து வருவது பார்மிக் அமிலம். சில எறும்புகள் கடித்தால் சுரீர் என்கிறதே, அந்த அமிலம்! எறும்பிடம் இருப்பது துளியிலும் துளி. இங்கே அது ரத்தம் முழுவதும் நிறைகிறது.

ஆக, குடித்தபோது மெத்தனால் அவ்வளவு கொடிய விஷம் அல்ல. நம் உடம்பே அதைக் கொடிய விஷமாக மாற்றி விடுகிறது!

பதுங்கும் நேரம்

கல்லீரல் இந்த வேலையை மெதுவாகத்தான் செய்யும். அதனால் விஷம் சேரச் சேர நேரம் ஆகிறது. பெரும்பாலும் 12 மணி முதல் 24 மணி வரை ஆகும். மெத்தனாலுடன் சாதாரணச் சாராயமும் கலந்து இருந்தால் இன்னும் தாமதம் ஆகும். வேலைக்காரன் முதலில் சாராயத்தைத்தான் எடுப்பான். மெத்தனால் காத்துக் கொண்டு இருக்கும்.

இந்த இடைவெளிதான் மனிதனை ஏமாற்றுகிறது.

இரவு குடித்தவர் காலையில் எழுந்திருப்பார். லேசான தலைவலி இருக்கும். “ராத்திரி போட்டது இன்னும் இறங்கவில்லை” என்று வீட்டார் நினைப்பார்கள். மயக்கம் தெளிய மறுபடியும் அதே சரக்கைக் குடிக்கிறவர்களும் உண்டு. “நான் குடித்தேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லையே” என்று அவர் சொல்வதைக் கேட்டு இன்னொருவரும் போய்க் குடிப்பார்.

அதற்குள் ரத்தத்தில் அமிலம் ஏறிக் கொண்டே இருக்கும்.

கண் போவது ஏன்?

நம் உடம்பில் உள்ள ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் சின்னஞ்சிறு அடுப்புகள் எரிகின்றன. நாம் இழுக்கும் மூச்சில் உள்ள பிராண வாயுவைக் கொண்டுதான் அந்த அடுப்பு எரியும். அந்தச் சூட்டில்தான் உயிர் ஓடுகிறது.

பார்மிக் அமிலம் அந்த அடுப்பை அணைத்து விடும். நெஞ்சு நிறைய மூச்சு இழுத்தாலும் பயன் இல்லை. காற்று இருக்கும், அடுப்பு எரியாது.

எந்த உறுப்புக்கு அதிகச் சூடு தேவையோ, அது முதலில் அணையும். கண்ணில் இருந்து மூளைக்குச் சேதி கொண்டு போகும் நரம்பு அப்படிப்பட்டது. அதனால்தான் கண் மங்குகிறது. எங்கும் வெள்ளையாகப் பனி மூடியது போல் தெரிகிறது என்பார்கள். பிறகு இருட்டு.

மூளையின் நடுவே, கை கால் அசைவை ஒழுங்கு செய்யும் ஒரு பகுதி இருக்கிறது. அதையும் இந்த அமிலம் தாக்கும். பிழைத்து எழுந்தவர்களிலும் சிலருக்குக் கண் பார்வை திரும்புவது இல்லை. சிலருக்குக் கை கால் விறைப்பும் நடுக்கமும் தங்கி விடும்.

எவ்வளவு குடித்தால் ஆபத்து? சுத்த மெத்தனால் 10 மில்லி போதும், கண் போகலாம். 30 மில்லி போதும், உயிரே போகலாம் என்பது மருத்துவர்கள் கணக்கு. 10 மில்லி என்பது இரண்டு டீஸ்பூன்!

அடையாளங்கள் என்ன?

சாராயம் குடித்த ஒருவருக்குக் கீழே உள்ளவற்றில் எது வந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கண் மங்குதல், வெளிச்சம் கூசுதல், ஒன்று இரண்டாகத் தெரிதல்.

விடாத வாந்தி, கடுமையான வயிற்று வலி.

ஓடி வந்தவர் போல் வேகமாக, ஆழமாக மூச்சு வாங்குதல்.

குடித்து நேரம் ஆகியும் போதை தெளியாமல் மயக்கம் கூடுதல், வலிப்பு.

ஒன்றுமே இல்லாவிட்டாலும், உடன் குடித்தவருக்கு இப்படி வந்து விட்டது என்று கேள்விப்பட்டால் போதும். உடனே கிளம்ப வேண்டும். நன்றாக இருக்கும்போதே போகிறவர்தான் கண்ணோடு திரும்புவார்.

டாக்டர்கள் செய்வது என்ன?

இந்த விஷத்துக்கு மாற்று உண்டு. இதுதான் நல்ல சேதி.

மருந்தின் பெயர் போமிபிசோல். இது கல்லீரலில் உள்ள அந்த வேலைக்காரனின் கையைக் கட்டிப் போடும். அவன் மெத்தனாலை உடைக்க மாட்டான். உடைக்காவிட்டால் அமிலம் உண்டாகாது. அமிலம் உண்டாகாவிட்டால் கண்ணுக்கும் மூளைக்கும் கேடு இல்லை.

இந்த மருந்து கிடைக்காத இடத்தில், எத்தனாலையே அளந்து கொடுப்பார்கள். வேலைக்காரனுக்கு அந்த வேலையைக் கொடுத்து விட்டால், மெத்தனால் பக்கம் திரும்ப மாட்டான். இதைக் கேட்டு விட்டு, வீட்டில் யாரும் பிராந்தியை வாயில் ஊற்றி விடக் கூடாது. ரத்தத்தை அடிக்கடி சோதித்து, சொட்டுக் கணக்கில் செய்யும் சிகிச்சை இது. டாக்டர் கையில் மருந்து, நம் கையில் விஷம்.

ரத்தத்தில் ஏறிய அமிலத்தைக் குறைக்கச் சோடியம் பைகார்பனேட் ஏற்றுவார்கள். சிறுநீரக நோயாளிகளுக்குச் செய்வது போல் டயாலிசிஸ் எந்திரம் மூலம் ரத்தத்தைச் சுத்தம் செய்வார்கள். மெத்தனாலும் அமிலமும் அதில் வடிந்து விடும்.

இத்தனையும் பலிக்க ஒரு நிபந்தனை உண்டு. நேரத்தோடு வர வேண்டும். கண் நரம்பு செத்த பிறகு எந்த மருந்தும் அதை எழுப்பாது.

செய்யக் கூடாதவை

உப்பைக் கரைத்துக் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது சில இடங்களில் வழக்கம். உப்பு விளையும் ஊரானாலும் இது கூடாது. மெத்தனால் ஒரு மணி நேரத்துக்குள் ரத்தத்தில் கலந்து விடுகிறது. மறுநாள் வாந்தி எடுத்து என்ன பயன்? அளவு மீறிய உப்பும் மூளையைக் கெடுக்கும். மயக்கத்தில் இருப்பவருக்கு எதைக் கொடுத்தாலும் அது மூச்சுக் குழாயில் இறங்கி விடலாம்.

மோர், எலுமிச்சைச் சாறு, புளித் தண்ணீர், தலையில் குடம் குடமாகத் தண்ணீர். இவை எதுவும் மெத்தனாலை இறக்காது. நேரம்தான் வீணாகும்.

மயங்கியவரை மல்லாக்கப் படுக்க வைக்கக் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். 108-க்குப் போன் செய்ய வேண்டும்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது ஒன்று. மறைக்கக் கூடாது. “போலீஸ் வருமே”, “ஊரார் என்ன சொல்வார்கள்”, “பெண்ணுக்குக் கல்யாணப் பேச்சு நடக்கிறதே” என்று வீட்டார் தயங்குவார்கள். “வயிற்று வலி” என்று மட்டும் டாக்டரிடம் சொல்வார்கள். டாக்டருக்கு எது விஷம் என்று தெரிந்தால்தானே மாற்று மருந்து கொடுப்பார்? எதைக் குடித்தார், எப்போது குடித்தார், எவ்வளவு குடித்தார் என்ற மூன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மிச்சச் சாராயம் இருந்தால் அதையும் கொண்டு போக வேண்டும்.

கண்டு பிடிக்க முடியுமா?

முடியாது. நாக்கில் வைத்துப் பார்த்தாலும் தெரியாது. கொளுத்திப் பார்த்தாலும் நம்ப முடியாது. இரண்டும் கலந்து இருந்தால் ஆய்வுக் கூடத்தில்தான் தெரியும். பழகின ஆள் விற்றார் என்பதும் காவல் அல்ல. அவருக்கே தெரியாமல் அவர் கைக்கு வந்திருக்கலாம்.

மெத்தனால் வைத்திருக்கவும் விற்கவும் அரசின் லைசென்ஸ் வேண்டும். தமிழ்நாட்டில் இதற்கு 1959-ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன. அப்படி இருந்தும் சில பேராசைக்காரர்கள் கையில் அது சிக்கி விடுகிறது. சாராயம் காய்ச்சப் பானை வேண்டும், அடுப்பு வேண்டும், நாள் வேண்டும். மெத்தனாலுக்கு ஒன்றும் வேண்டாம். தண்ணீர் ஊற்றினால் சரக்கு தயார். அந்த லாபத்துக்கு ஏழையின் கண் விலை.

மரக்காணம் அழுது ஓர் ஆண்டு ஆனது. 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அதே மெத்தனால் மறுபடியும் புகுந்தது. 60-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதன் பிறகு மதுவிலக்குச் சட்டம் திருத்தப்பட்டது. சாவுக்குக் காரணமான கள்ளச்சாராயக் குற்றத்துக்கு ஆயுள் தண்டனை என்று கடுமை ஆனது.

இது தமிழ்நாட்டுக்கு மட்டும் வந்த வினை அல்ல. மதுவிலக்கு உள்ள பீகாரிலும் குஜராத்திலும் 2022-ஆம் ஆண்டு பலர் இறந்தார்கள். 2020-ஆம் ஆண்டு ஈரான் நாட்டில், சாராயம் குடித்தால் கொரோனா வராது என்ற வதந்தியை நம்பி நூற்றுக்கணக்கானோர் மெத்தனால் குடித்து மடிந்தார்கள். 2024-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் லாவோஸ் நாட்டுக்கு உல்லாசப் பயணம் போன வெளிநாட்டவர்கள் ஆறு பேர் பலியானார்கள். ஏழை, பணக்காரர், படித்தவர், படிக்காதவர் என்ற பேதம் இந்த விஷத்துக்குக் கிடையாது.

விட முடியுமா?

குடியை விட நினைப்பவர்கள் பலர். விட முடியாமல் தவிப்பவர்களும் பலர். அது மனக் கோழைத்தனம் மட்டும் அல்ல. பல ஆண்டு மதுவுக்குப் பழகிய மூளை, அது இல்லாவிட்டால் கொந்தளிக்கும். கை நடுங்கும். தூக்கம் வராது. இல்லாதது எல்லாம் கண்ணுக்குத் தெரியும். வலிப்பும் வரலாம். அதிகம் குடித்துப் பழகியவர் ஒரே நாளில் தானாக நிறுத்துவது ஆபத்து. டாக்டர் மேற்பார்வையில் நிறுத்தினால் இந்தத் தொல்லைகளை மருந்தால் அடக்கலாம். அரசு ஆஸ்பத்திரிகளில் இதற்குச் சிகிச்சை உண்டு. 14446 என்ற எண்ணுக்குப் போன் செய்தாலும் வழி சொல்வார்கள். காசு இல்லை.

குடிப்பவரைத் திட்டலாம். அழலாம். சாப்பாடு போடாமலும் இருக்கலாம். அது குடும்பத்தின் உரிமை. ஆனால் அவர் “கண் சரியாகத் தெரியவில்லை” என்று சொல்லும் அந்த நிமிடத்தில், கோபத்தைத் தள்ளி வைத்து விட்டு 108-ஐக் கூப்பிட வேண்டும்.

திட்டுவதற்கு அப்புறம் நாள் இருக்கும். கண்ணைக் காப்பாற்ற, அந்தச் சில மணி நேரம்தான் இருக்கிறது.